மழைக்கு ஒதுங்கிய வீட்டில் எழுந்த கேள்வி: டாக்டர் ஜான் லாங்டன் டவுன்



மாணிக்கவாசகர் பிறந்த திருவாதவூரில் குடியிருக்கிறோம் என்று வெளியூர் உறவினர்களிடம் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பெரியவர்களின் வாழ்க்கையைப் படிப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இந்த இதழில் நீங்கள் படிக்கப்போவது இங்கிலாந்தில் பிறந்து, 1896-இல் மறைந்த ஒரு மருத்துவரின் வாழ்க்கை. அவர் பெயரை நீங்கள் நிச்சயம் கேட்டிருப்பீர்கள். ஆனால் அது ஒரு மனிதரின் பெயர் என்பது தெரியாமல் இருந்திருக்கலாம்.

'டவுன் சிண்ட்ரோம்' என்று சொல்கிறோமே, அந்த 'டவுன்' அவருடைய குடும்பப் பெயர். நாம் மேலூருக்குப் போகும் டவுன் பஸ்ஸில் வரும் டவுனும் அல்ல; 'கீழே', 'தாழ்ந்த' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் அல்ல. பலர் இரண்டாவது பொருளில்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதனாலேயே அந்தச் சொல்லைக் கேட்டதும் முகம் வாடிவிடுகிறது. முதலில் இந்தக் குழப்பத்தை நீக்கிக்கொள்வோம்.

இந்தக் கட்டுரையை எல்லோரும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் வீட்டில் ஒரு மகளோ மருமகளோ கர்ப்பமாக இருக்கலாம். உங்கள் தளத்திலேயே இப்படி ஒரு குழந்தை வளரலாம். சுமார் 700 முதல் 1,000 பிறப்புகளுக்கு ஒரு குழந்தை என்ற அளவில், உலகின் எல்லா நாடுகளிலும், எல்லா இனங்களிலும், ஏழை பணக்காரர் வேறுபாடு இல்லாமல் இது காணப்படுகிறது.

மழை பெய்த நாள்

ஜான் லாங்டன் டவுன் 1828 நவம்பர் 18 அன்று, இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால் பகுதியில் உள்ள டார்பாய்ன்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அங்கே மருந்துக் கடை வைத்திருந்தார். மகன் 14 வயது வரை உள்ளூரில் படித்தான். பிறகு படிப்பை நிறுத்திவிட்டு, அப்பாவின் கடையில் மருந்து இடித்து, பொட்டலம் கட்டி, கணக்குப் பார்க்க ஆரம்பித்தான்.

அவருக்கு 18 வயது இருக்கும்போது குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போனார்கள். வழியில் பெருமழை பிடித்துக்கொண்டது. அருகில் இருந்த ஒரு குடிசை வீட்டில் ஒதுங்கினார்கள். அந்த வீட்டில் அறிவு வளர்ச்சி குறைந்த ஒரு பெண் இருந்தாள். வந்தவர்களுக்கு வேண்டியதை எடுத்துக் கொடுத்து உபசரித்தவள் அவள்தான். மழை விட்டது; எல்லோரும் வீடு திரும்பினார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் முகம் அந்த இளைஞனின் மனத்தை விட்டுப் போகவில்லை. இவளுக்காக யாராலும் எதுவுமே செய்ய முடியாதா என்ற கேள்வி தன்னை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வந்ததாகப் பிற்காலத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார். அப்போது அவர் மருத்துவம் படிக்கத் தொடங்கியிருக்கவில்லை.

இதைப் படிக்கும்போது நம்மையே கேட்டுக்கொள்ளலாம். திருமண மண்டபத்திலோ லிஃப்டிலோ இப்படி ஒரு பிள்ளையைப் பார்த்தால் நாம் என்ன செய்கிறோம்? ஒன்று, உற்றுப் பார்க்கிறோம். இல்லாவிட்டால் பார்வையைத் திருப்பிக்கொள்கிறோம். அந்த இளைஞர் இரண்டையும் செய்யவில்லை.

தங்கப் பதக்கமும் யாரும் விரும்பாத வேலையும்

அவர் லண்டனுக்குப் போய் ஒரு அறுவை மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பல் பிடுங்குவது, மருந்துப் புட்டிகளைக் கழுவுவது எல்லாம் அவர் வேலை. இடையிடையே அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்ள ஊருக்கும் திரும்ப வேண்டியிருந்தது. 1853-இல் தந்தை இறந்த பிறகுதான் லண்டன் மருத்துவமனையில் மருத்துவ மாணவராகச் சேர முடிந்தது. வயது 25-ஐ நெருங்கிவிட்டது. தாமதமாகச் சேர்ந்தாலும் தங்கப் பதக்கங்களோடு வெளியே வந்தார். லண்டனில் பெரிய மருத்துவராகப் பெயர் வாங்கிப் பணமும் சேர்த்திருக்கலாம்.

ஆனால் 1858-இல் அவர் ஏற்றுக்கொண்ட வேலை எல்லோரையும் வியக்க வைத்தது. சர்ரே மாவட்டத்தில் ஏர்ல்ஸ்வுட் என்ற இடத்தில் அறிவு வளர்ச்சி குறைந்தவர்களுக்கான பெரிய காப்பகம் ஒன்று இருந்தது. அதற்கு அந்தக் காலத்தில் வைத்திருந்த பெயரை இன்று நாம் வாயால் சொல்லக் கூசுவோம். முட்டாள்களின் காப்பகம் என்றே பெயர்ப்பலகை. அதன் மருத்துவக் கண்காணிப்பாளராக அவர் சேர்ந்தார். நம் நாட்டின் ஆட்சி கம்பெனியிடமிருந்து விக்டோரியா அரசியின் கைக்கு மாறிய அதே ஆண்டு அது.

அங்கே அவர் செய்த மாற்றங்களைப் பாருங்கள். அடிப்பதையும் தண்டிப்பதையும் தடுத்தார். குளியல், சுத்தமான உடை, நல்ல சாப்பாடு, மேசையில் உட்கார்ந்து எல்லோரையும் போலச் சாப்பிடும் பழக்கம் இவற்றைக் கொண்டுவந்தார். தோட்ட வேலை, தச்சு வேலை, பேச்சுப் பயிற்சி, குதிரை ஏற்றம் எல்லாம் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அங்கே இருந்த ஜேம்ஸ் ஹென்றி புல்லன் என்பவருக்குக் காது கேட்காது; பேச்சும் சரியாக வராது. அவர் மரத்தில் செய்த மாதிரிக் கப்பல்கள் நாடெங்கும் பேசப்பட்டன. கற்றுக்கொடுத்தால் கற்றுக்கொள்வார்கள் என்பதை டவுன் அங்கே கண்ணெதிரே நிரூபித்துக் காட்டினார்.

1860-இல் மேரி கிரெல்லின் என்ற பெண்ணை மணந்தார். மேரி அம்மையாரும் காப்பகத்தில் கணவரோடு சேர்ந்து உழைத்தார். சம்பளம் எதுவும் கிடையாது.

ஒரு நல்ல கவனிப்பும் ஒரு பெரிய தவறும்

டவுன் ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே கவனித்துக் குறிப்பெடுத்தார். 1860-களிலேயே கேமராவை வைத்து 200-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். நல்ல உடை உடுத்தி, நாற்காலியில் உட்கார்ந்து, மரியாதையான குடும்பப் படம் போலவே அவை இருக்கும்.

இப்படிக் கவனித்தபோதுதான் ஒரு விஷயம் அவருக்குப் புலப்பட்டது. வெவ்வேறு குடும்பங்களிலிருந்து வந்த சில பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் போல ஒரே சாயலில் இருந்தார்கள். சற்றுத் தட்டையான முகம், மேல்நோக்கிய கண் ஓரம், சிறிய மூக்கு. பிறரைப் போலச் செய்து காட்டுவதில் கெட்டிக்காரர்கள். நகைச்சுவை உணர்வு உள்ளவர்கள். இது பிறவியிலேயே வருவது, பிறந்த பிறகு நோயாலோ விபத்தாலோ வருவதல்ல என்பதையும் 1866-இல் வெளியிட்ட கட்டுரையில் தெளிவாக எழுதினார்.

அதே கட்டுரையில் அவர் ஒரு பெரிய தவறும் செய்தார். அந்த முகச்சாயலை ஆசியாவின் மங்கோலிய மக்களோடு ஒப்பிட்டு, அந்த இனத்தின் பெயரையே இந்த நிலைக்கு வைத்துவிட்டார். மனிதர்களை இனம் இனமாகப் பிரித்து ஏற்றத்தாழ்வு பேசிய காலம் அது. ஒரு வெள்ளையர் வீட்டில் இன்னொரு இனத்தின் சாயலில் குழந்தை பிறக்குமானால், எல்லா இனமும் ஒன்றே என்பதற்கு அதுவே சான்று என்று அவர் வாதிட்டார். அடிமை முறைக்கு ஆதரவாக இனங்கள் வேறு வேறு என்று பேசியவர்களுக்கு அது ஒரு பதிலாகவும் இருந்தது. எண்ணம் நல்லதாக இருந்தாலும் அறிவியல் தவறு; பெயரும் தவறு. அந்தப் பெயர் ஏறக்குறைய 100 ஆண்டுகள் குழந்தைகளின் மேல் ஒட்டிக்கொண்டது.

1961-இல் மரபணு அறிஞர்கள் 19 பேர் சேர்ந்து அந்தப் பெயரைக் கைவிட வேண்டும் என்று மருத்துவ இதழ் ஒன்றுக்கு எழுதினார்கள். கையெழுத்திட்டவர்களில் டவுனின் பேரன் ஒருவரும் இருந்தார். மங்கோலிய நாட்டின் வேண்டுகோளை ஏற்று 1965-இல் உலக சுகாதார நிறுவனமும் அதைக் கைவிட்டது. அதன் பிறகே 'டவுன் சிண்ட்ரோம்' நிலைத்தது.

தன் வீட்டுக்கே வந்த குழந்தை

ஏர்ல்ஸ்வுட் நிர்வாகக் குழுவோடு கருத்து வேறுபாடு ஏற்பட்டதால் 1868-இல் டவுன் அங்கிருந்து விலகினார். லண்டனுக்கு அருகே தேம்ஸ் நதிக்கரைப் பகுதியில் ஒரு வீட்டை வாங்கி, மேரியோடு சேர்ந்து 'நார்மன்ஸ்ஃபீல்ட்' என்ற இல்லத்தைத் தொடங்கினார். அங்கே வசித்தவர்களுக்காக 1879-இல் ஓர் அழகான நாடக அரங்கமும் கட்டினார்கள். நாடகமும் பாட்டும் அவர்களுக்குப் பொழுதுபோக்கு மட்டுமல்ல, பேச்சையும் நினைவையும் வளர்க்கும் பயிற்சி என்பது டவுனின் நம்பிக்கை. பெண்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்றும் அந்தக் காலத்திலேயே பேசியவர் அவர்.

1896 அக்டோபர் 7 அன்று அவர் காலமானார். மருத்துவர்களான மகன்கள் ரெஜினால்டும் பெர்சிவலும் இல்லத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள். இந்தக் குழந்தைகள் பலருக்கு உள்ளங்கையின் குறுக்கே ஒரே ரேகை ஓடுவதைக் கவனித்துச் சொன்னவர் ரெஜினால்ட்.

1905-இல் அதே ரெஜினால்டுக்கு ஒரு மகன் பிறந்தான். தாத்தாவின் பெயரையே வைத்தார்கள்: ஜான். அந்தக் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்தது.

ஊருக்கெல்லாம் இதைப் பற்றிச் சொன்ன குடும்பத்திலேயே அப்படி ஒரு குழந்தை. நம் ஊரில் என்றால் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் குடும்பம் அவனை மறைக்கவில்லை. நார்மன்ஸ்ஃபீல்டிலேயே வளர்ந்து, அறுபது வயதைத் தாண்டி அவர் வாழ்ந்தார்.

பிற்காலத்தில் அரசு நிர்வாகத்துக்குப் போன அந்த இல்லத்தின் நிலை மோசமானது. 1976-இல் செவிலியர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள், விசாரணை நடந்தது. 1997-இல் அது மூடப்பட்டது. எவ்வளவு நல்ல மனிதர் தொடங்கிய காப்பகமும் வீட்டுக்கு ஈடாகாது என்பதை அந்தக் கதை காட்டுகிறது. நாடக அரங்கம் மட்டும் பழுது பார்க்கப்பட்டு இன்றும் இருக்கிறது. அந்த வளாகத்தில்தான் இப்போது பிரிட்டனின் டவுன் சிண்ட்ரோம் சங்கம் செயல்படுகிறது.

காரணம் என்ன?

டவுனுக்குத் தெரியாமலே போன காரணத்தை 1959 ஜனவரியில் பாரிஸ் நகரில் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே, ரேமோன் துர்ப்பேன் ஆகியோர் வெளியிட்டார்கள். நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள், 23 ஜோடிகளாக இருக்கும். டவுன் சிண்ட்ரோமில் 21-ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருக்கும். அவ்வளவுதான். அதனால்தான் மூன்றாவது மாதமான மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் நாள். 2012 முதல் ஐ.நா. சபையும் இதைக் கடைப்பிடிக்கிறது.

சுமார் 95 சதவீதக் குழந்தைகளுக்கு இது கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது தற்செயலாக நேர்வது. யாருடைய தவறும் அல்ல. கிரகணத்தன்று வெளியே போனதாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ, கண் திருஷ்டியாலோ இது வராது. நம் பக்கத்தில் தாய்மாமனைக் கட்டுவதும் அத்தை மகனைக் கட்டுவதும் சகஜம். சொந்தத்தில் திருமணம் செய்வதால் வேறு சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடுவது உண்மை. ஆனால் டவுன் சிண்ட்ரோமுக்குச் சொந்தத் திருமணம் காரணம் அல்ல. மருமகளையோ அவள் பிறந்த வீட்டையோ குறை சொல்வதற்கு இதில் இடமே இல்லை.

தாயின் வயது கூடக்கூட வாய்ப்பு கூடுகிறது. 25 வயதில் சுமார் 1,250-இல் ஒன்று, 35 வயதில் சுமார் 350-இல் ஒன்று, 40 வயதில் சுமார் 100-இல் ஒன்று. ஆனாலும் இளம் வயதில்தான் அதிகம் பேர் குழந்தை பெறுகிறார்கள் என்பதால், இந்தக் குழந்தைகளில் பலர் இளம் தாய்மார்களுக்கே பிறக்கிறார்கள். மூன்று, நான்கு சதவீதம் பேருக்கு மட்டும் கூடுதல் குரோமோசோம் வேறொரு குரோமோசோமோடு ஒட்டியிருக்கும். இந்த வகையில் சில நேரம் பெற்றோரிடமிருந்து வருவதுண்டு. எனவே குழந்தையின் குரோமோசோம் பரிசோதனை அறிக்கையைப் பத்திரமாக வைத்திருங்கள். அடுத்த பிரசவத்துக்கு முன் மருத்துவர் அதைக் கேட்பார்.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு

11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் என்.டி. ஸ்கேனும் டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையும் வாய்ப்பு எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். ரிப்போர்ட்டில் 'ஹை ரிஸ்க்' என்று வந்தால் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கிறது என்று அர்த்தம் அல்ல. 'லோ ரிஸ்க்' என்று வந்தால் இல்லவே இல்லை என்றும் அர்த்தம் அல்ல. 10 வாரத்துக்கு மேல் செய்யக்கூடிய என்.ஐ.பி.டி. ரத்தப் பரிசோதனை இன்னும் துல்லியமானது. அதுவும் முடிவான பதில் அல்ல. நஞ்சுக்கொடித் திசுவையோ பனிக்குட நீரையோ எடுத்துச் செய்யும் பரிசோதனைதான் உறுதி சொல்லும். அதில் கருக்கலையும் ஆபத்து சிறிதளவு உண்டு.

ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு நேரே கூகுளுக்குப் போகாதீர்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து மருத்துவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். இது வாய்ப்பா, உறுதியா? அடுத்த பரிசோதனையால் என்ன தெரியும்? இதயத்துக்கு ஸ்கேன் எப்போது? சட்டம் என்ன அனுமதிக்கிறது, எத்தனை வாரத்துக்குள்? முடிந்தால் மரபணு ஆலோசகர் ஒருவரையும் பாருங்கள். பிறகு எடுக்கும் முடிவு, குழந்தையைச் சுமப்பவளும் அவள் கணவரும் அவசரமில்லாமல் எடுக்க வேண்டியது. மாமியாரோ பக்கத்து வீட்டாரோ எடுக்க வேண்டியது அல்ல.

குழந்தை பிறந்த பிறகு

இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை இருக்கலாம். வெளியே தெரியாவிட்டாலும், பிறந்த முதல் மாதத்துக்குள் எக்கோ எடுத்துவிட வேண்டும். தைராய்டு, காது, கண் பரிசோதனைகளைப் பிறப்பிலும் பிறகு ஆண்டுதோறும் செய்ய வேண்டும். தசை தளர்வாக இருப்பதால் பால் குடிக்க நேரம் எடுக்கும். பொறுமையாகக் கொடுத்தால் தாய்ப்பால் குடிப்பார்கள். பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. நடை, பேச்சு எல்லாம் தாமதமாக வரும், ஆனால் வரும். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இவர்களின் சராசரி ஆயுள் 25 ஆண்டுகள்தான். இதய அறுவை சிகிச்சையும் வீட்டு வளர்ப்பும் பரவிய பிறகு இப்போது அது 60-ஐத் தொட்டிருக்கிறது.

உதவிக்கு அலைய வேண்டியதில்லை. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை பற்றிக் கேளுங்கள். தனித்துவ அடையாள அட்டைக்கும் பராமரிப்பு உதவித்தொகைக்கும் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் 'நிராமயா' மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை இருக்கிறது. 18 வயதுக்குப் பிறகு சட்டப்படி காப்பாளர் நியமிக்கவும் அதே சட்டம் வழி செய்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. சென்னையில் ஒரு தாய் தொடங்கிய டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியா, நாடெங்கும் உள்ள பெற்றோரை இணைக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

இப்படி ஒரு குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகும்போது துக்கம் விசாரிப்பது போலப் போகாதீர்கள். மற்றக் குழந்தையைப் பார்க்கப் போவது போலவே பழமும் சட்டையும் வாங்கிக்கொண்டு போங்கள். என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேளுங்கள். குழந்தையைக் கையில் வாங்குங்கள். விளையாட்டுத் திடலில் உங்கள் பிள்ளை ஏன் அவன் சரியாகப் பேசவில்லை என்று கேட்டால், வாயைப் பொத்தாதீர்கள். அவன் மெதுவாகக் கற்றுக்கொள்வான், நீ அவனையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள் என்று சொல்லுங்கள். பொங்கல் விழாக் கலைநிகழ்ச்சியில் அவனுக்கும் ஒரு வேடம் கொடுப்போம். நார்மன்ஸ்ஃபீல்ட் அரங்கத்தில் 1879-லேயே அதைச் செய்தார்கள்.

மழைக்கு ஒதுங்கிய ஒரு வீட்டில் டவுனுக்கு எழுந்த கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் உழைக்க வைத்தது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. லிஃப்டில் பக்கத்தில் நிற்கும் அந்தக் குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்து, சாப்பிட்டாயா என்று கேட்டாலே போதும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.